நாலு பேர் கூடாரம்

ஏப்ரல் 20

இன்று மாலை காபிக்குப் பிறகு, எங்கள் வீட்டின் சின்ன அறைக்கு நீல வண்ணம் அடிப்பது என்று ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது. நான் பள்ளியில் வரலாறு நடத்துகிறவன். பெரிய முடிவுகள் எப்படி எட்டப்படுகின்றன என்பது எனக்கு ஓரளவு தெரியும். எதிர்த்தரப்பு களைத்துப்போகும்வரை பேசிக்கொண்டே இருப்பார்கள். இங்கும் அதுவே நடந்தது. வெள்ளைதான் வெளிச்சம் தரும் என்பது என் நிலைப்பாடு. சந்தன நிறம்தான் அழுக்கு காட்டாது என்பது என் மனைவி பூங்கோதையின் நிலைப்பாடு. தாரணிக்குப் பத்து வயது. களைப்பு என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியாது.

"என்ன நீலம்?" என்றாள் பூங்கோதை.

"கடல் நீலம்."

"சேலத்துல இருந்துக்கிட்டு கடல் நீலம் எதுக்குடி?"

"சேலத்துல கடல் இல்லல்லம்மா. அதுக்குத்தான்."

வாதத்தில் ஓட்டை தேடிப் பார்த்தேன். கிடைக்கவில்லை. ஒப்பந்தம் கையெழுத்தானது.

இரண்டாவது தீர்மானம்: விடுமுறையில் ஏற்காட்டில் கூடாரம் போட்டு ஒரு நாள் தங்குவது. மே மாதத்தில் மலை விடுதிக்காரர்கள் வருகிறவனையெல்லாம் ஜமீன்தார் என்று நினைத்து வாடகை சொல்கிறார்கள். கணக்கு வாத்தியார் ஸ்டீபனின் மைத்துனருக்கு அங்கே காப்பித் தோட்டம் இருக்கிறது. நடுவில் கொஞ்சம் புல்தரை. இலவசம். நிபந்தனைகள் இரண்டு: நெருப்பு மூட்டக் கூடாது, காப்பிச் செடியைப் பற்றி மைத்துனரிடம் கேள்வி கேட்கக் கூடாது. கேட்டால் பதில் சொல்லுவாராம்.

ஏப்ரல் 23

மஸ்கட்டிலிருந்து தேன்மொழி பேசினாள். பூங்கோதையின் தங்கை. தாரணியைப் பெற்றவள்.

ஒருமுறை இங்கே ஒழுங்காக எழுதி வைத்துவிடுகிறேன். தேன்மொழியும் அவள் கணவர் கனகராஜும் மஸ்கட்டில் மருத்துவமனை வேலைக்குப் போனபோது தாரணி நடக்கக்கூடத் தொடங்கவில்லை. "ரெண்டே வருஷம் அக்கா" என்று சொல்லி எங்களிடம் விட்டுவிட்டுப் போனார்கள். பிறகு விசா, வேலை மாற்றம், அங்கேயே பிறந்த நித்தின் என்று ஆண்டுகள் ஓடிவிட்டன. யார்மேலும் குற்றமில்லை. எங்களுக்குப் பிள்ளை இல்லை. தாரணி எங்களை அம்மா, அப்பா என்கிறாள். அவர்களை மஸ்கட் அம்மா, மஸ்கட் அப்பா என்கிறாள். அவளாகவே செய்துகொண்ட ஏற்பாடு. யாருக்கும் இதுவரை குழப்பம் வந்ததில்லை.

இப்போது அவர்கள் மொத்தமாக ஊர் திரும்புகிறார்கள். கனகராஜுக்கு ஓசூரில் வேலை. வீடு பார்த்தாகிவிட்டது. தாரணிக்குப் பள்ளியில் இடமும் வாங்கியாகிவிட்டது. ஜூனில் அழைத்துப் போவார்கள். இதை அவளிடம் பக்குவமாகச் சொல்லும் பொறுப்பு என்னிடம் ஒப்படைக்கப்பட்டிருக்கிறது, நான் நன்றாகப் பேசுகிறவன் என்று.

"ஆனா அவ இஷ்டம்தான் மாமா" என்றாள் தேன்மொழி. "போக மாட்டேன்னு பிள்ள ஒரு வார்த்த சொன்னா நான் இழுத்துக்கிட்டுப் போக மாட்டேன்."

பெருந்தன்மையான பேச்சு. இதற்கும் சின்ன அறைக்கும் சம்பந்தமில்லை.

இன்று சொல்லவில்லை. சுவரைச் சுரண்டும் வேலை இருந்தது.

ஏப்ரல் 26

பெயின்ட் கடை. கம்ப்யூட்டரில் நிறம் கலந்து தருவார்களாம். சீட்டில் எண் போட்டுத் தருவார்கள். நூறு வருஷம் கழித்துக் கேட்டாலும் அதே நிறம் வருமாம். அதற்குத் தனி விலை. வெள்ளை டிஸ்டெம்பரும் நீலச் சாயக் குப்பியும் வாங்கி நாமே கலந்துகொண்டால் பாதிதான் ஆகும் என்றார் கடைக்காரர். அவர் என் சட்டையைப் பார்த்துவிட்டுத்தான் அதைச் சொன்னார் என்பது என் ஊகம்.

பாதியை மிச்சம் பிடித்தேன்.

ஏப்ரல் 27

கலந்தோம். முதலில் வந்தது பள்ளிச் சீருடை நீலம். இன்னும் கொஞ்சம் சாயம் விட்டேன். பேருந்து நிலையக் கழிப்பறை நீலம் வந்தது. வெள்ளையைச் சேர்த்ததில் காய்ச்சல்காரனின் உதடு போல ஒன்று தோன்றியது. பூங்கோதை உள்ளே போய், போன பொங்கலுக்கு வாசல் கேட்டுக்கு வாங்கிய மஞ்சள் சாயத்தில் மிச்சமிருந்ததைக் கொண்டுவந்து வாளியில் கவிழ்த்தாள். கோபத்தில் கவிழ்த்தாளா யோசித்துக் கவிழ்த்தாளா என்பதை வரலாறு அறியாது.

பச்சையும் இல்லாமல் நீலமும் இல்லாமல் ஒரு நிறம் வந்தது. எனக்குத் தெரிந்து அதற்குப் பெயர் கிடையாது. தாரணி வாளிக்குள் தலையை விட்டுப் பார்த்தாள்.

"இதேதான்ப்பா."

"நீ எங்கடி கடலப் பாத்த?"

"நித்தின் காட்டுனான். போன்ல. இதே கலருதான்."

ஒரு சுவர் முடிந்தது. அவள் மூக்கில் ஒரு பொட்டு. துடைக்க விடமாட்டேன் என்கிறாள்.

ஏப்ரல் 28

மற்ற மூன்று சுவர்கள். முதுகு வலி. சொல்லவில்லை.

மே 2

கூடாரம் வாங்கினோம். இரண்டு பேர் படுக்கிற கூடாரம் இருக்கிறது. நாலு பேர் படுக்கிறது இருக்கிறது. மூன்று பேருக்கு இல்லை. உலகத்துக் கூடாரத் தொழிலதிபர்கள் ஒன்றுகூடி மூன்று பேர் குடும்பத்தை அங்கீகரிப்பதில்லை என்று முடிவெடுத்திருக்கிறார்கள்.

"சேட்டுகிட்ட கேட்டுப் பாருங்க, வேற எங்கயாச்சும் இருக்கும்" என்றாள் பூங்கோதை.

"நாலு பேர்துதான் தள்ளுபடில இருக்குது."

"நாலாவது ஆளு யாரு?"

"பெட்டி, படுக்கை, உன் தலகாணி" என்றாள் தாரணி. பூங்கோதை இரண்டு தலையணை இல்லாமல் தூங்க மாட்டாள்.

நாலு பேர் கூடாரம் வாங்கினோம். நிறம் ஆரஞ்சு. நாங்கள் தேர்ந்தெடுக்கவில்லை, தள்ளுபடி தேர்ந்தெடுத்தது.

மே 4

ரேஷன் கடை. ஆளுக்கு அரைக் கிலோ வீதம் மூன்று பேருக்கு ஒன்றரைக் கிலோ சர்க்கரை. ஏற்காட்டுக்கு ரவை உருண்டை பிடிக்க இதுவே போதும் என்று நிதியமைச்சர் அறிவித்தார். உணவுத் திட்டமும் வெளியானது: புளிசாதம், உருளைக்கிழங்கு, மறுநாள் ரொட்டி. நெருப்பு கூடாது என்பதால் காபி பிளாஸ்கில். காப்பித் தோட்டத்துக்கு வீட்டிலிருந்து காபி கொண்டுபோகிற முதல் குடும்பம் நாங்களாக இருக்கலாம்.

பூங்கோதைக்குத் திடீரென்று தொழிற்கல்வியில் ஆர்வம் பிறந்திருக்கிறது. தாரணிக்கு இத்தனை வருஷமும் அவள்தான் ஜடை போட்டுவிடுவாள். வேறு யார் சீப்பைத் தொட்டாலும் பிடிக்காது. இரண்டு நாளாக, தானே பின்னிக்கொள்ளக் கற்றுக்கொடுக்கிறாள். குழந்தை கையைப் பின்னால் வளைத்து வளைத்துப் போட்ட ஜடை வலது பக்கம் கயிறாகவும் இடது பக்கம் துடைப்பமாகவும் வந்தது.

"நீயே போட்டுவிடும்மா. எதுக்கு நான்?"

"கத்துக்கோ. எனக்குக் கை வலிக்குது."

அவளுக்குக் கை வலி இருப்பதாக இதுவரை நான் கேள்விப்பட்டதில்லை. அவிழ்த்தாள். மறுபடி போடச் சொன்னாள்.

மே 9

கதவுக்கும் ஜன்னலுக்கும் எனாமல் அடித்தேன். வீடு முழுக்க நாற்றம். கண் எரிகிறது. வீட்டில் படுக்க முடியாது என்றானதும் தாரணிதான் யோசனை சொன்னாள்: கூடாரத்தை மொட்டை மாடியில் போட்டு ஒத்திகை பார்ப்பது.

சிமென்ட் தளத்தில் முளை அடிக்க முடியாது. நாலு மூலைக்கும் தண்ணீர் நிரப்பிய குடங்களைக் கட்டினோம். எதிர் மாடியில் துணி எடுக்க வந்த வேலாயுதம் சற்று நேரம் பார்த்தார்.

"என்ன சார், வீடு கைவிட்டுப் போயிடுச்சா?"

"காத்தாட வந்தோம்."

"ஆரஞ்சுக் கலர்ல பாத்ததும் வெள்ள நிவாரணமோன்னு பயந்துட்டேன்."

உள்ளே மூவரும் படுத்ததில் ஒரு ஆள் இடம் மிச்சம். பூங்கோதை கீழே பால் காய்ச்சப் போயிருந்தாள். சொல்ல இதுவே சரியான சமயம் என்று தொண்டையைச் சரிசெய்துகொண்டேன்.

"தாரணி, அந்த ரூம் இருக்குதில்ல..."

"காஞ்சதும் அவங்களுக்குத்தானே?"

"யாருக்கு?"

"மஸ்கட் அம்மா, அப்பா, நித்தினுக்கு. ஜூன்ல வர்றாங்கல்ல. நித்தினுக்குக் கடல் பக்கத்துலயே வீடுப்பா. இங்க வந்து அழுதான்னா? அதுக்குத்தான் கடல் கலர் கேட்டேன். அழுகலன்னா போக மாட்டாங்கல்ல. நான் உங்ககூட ஹால்ல படுத்துக்குவேன்."

அவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது, திசையைத் தவிர.

ஒரே சுவருக்கு ஒரே வாளியிலிருந்து இரண்டு பேர் வண்ணம் அடித்திருக்கிறோம். நான் ஒருத்தி போகாமல் இருக்க. அவள் மூன்று பேர் வந்து தங்க. பூங்கோதை பால் கொண்டுவந்தாள். குடித்தோம். பால் தீய்ந்திருந்தது.

மே 10

எனாமல் காயவில்லை. இன்றும் மாடி.

மே 11

எனாமல் காய்ந்துவிட்டது. இருந்தாலும் மாடி.

மே 14

தேன்மொழி பேசினாள். டிக்கெட் முன்கூட்டியே கிடைத்துவிட்டது. பதினெட்டாம் தேதி வருகிறார்கள். ஏற்காட்டுக்கு அவர்களும் வருவார்கள். "பிள்ளைங்க பழகிக்கிறதுக்கு நல்ல சான்ஸ் மாமா." நல்ல சான்ஸ்தான்.

"சொல்லிட்டீங்கல்ல?" என்று கேட்டாள்.

சிக்னல் சரியில்லை என்றேன். மொட்டை மாடியில் நின்றுகொண்டிருந்தேன், எதிரே டவர்.

மே 18

வந்துவிட்டார்கள். பெட்டிகள், பேரீச்சம்பழம், எனக்கு ஒரு வாசனைத் திரவியம். நித்தினுக்கு நாலு வயது. சின்ன அறையின் வாசலில் நின்று சுவரைப் பார்த்தான். தாரணி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஸீ" என்றான். கடலைத்தான் சொன்னான்.

தாரணி என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை எழுதத் தெரியவில்லை.

கனகராஜ் நல்ல மனிதர். எனக்குச் சகலை. பேச்சில் வளைவு நெளிவு கிடையாது. சாப்பாட்டின்போது ரசத்தை ஊற்றிக்கொண்டே சொன்னார்.

"பாப்பா, உன் ஸ்கூல் பஸ் ஓசூர்ல நம்ம வீட்டு வாசலுக்கே வருமாம். பெரியப்பா எல்லாம் சொன்னாரில்ல?"

பெரியப்பா யார் என்று தாரணி சுற்றும் முற்றும் பார்த்தாள். நானும் பார்த்தேன்.

"ஓசூர்லயா?"

கனகராஜ் என்னைப் பார்த்தார். நான் ரசத்தில் கறிவேப்பிலையை ஒதுக்கிக்கொண்டிருந்தேன். அவரே மிச்சத்தையும் சொன்னார். வீடு, மாடி, பக்கத்துப் பூங்கா. தாரணி கையில் பிசைந்த சோற்றோடு கேட்டாள். பிறகு விரலை மடக்கினாள்.

"நான், நித்தின், நீங்க ரெண்டு பேரு. அம்மா அப்பா எந்த ரூம்ல படுப்பாங்க?"

அம்மா அப்பா என்று அவள் சொன்னது எங்களை.

தேன்மொழிதான் எழுந்து வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். அழுதுவிடுவாள் போல இருந்தது. "பெரியம்மாவும் பெரியப்பாவும் இங்கதான் கண்ணு இருப்பாங்க. லீவுல வரலாம். உனக்கு இஷ்டம்னாதான். இல்லன்னா இல்ல. நீ சொல்லு."

சொன்ன வார்த்தையைக் காப்பாற்றினாள். ஒரு வார்த்தை போதும் என்றாள் அல்லவா. எல்லோரும் அந்த ஒரு வார்த்தைக்குக் காத்திருந்தோம். நான் எப்படிக் காத்திருந்தேன் என்பது எனக்குத் தெரியும்.

தாரணி என்னைப் பார்க்கவில்லை. பூங்கோதையைப் பார்த்தாள். வகுப்பில் வெளியே போகலாமா என்று பிள்ளைகள் பார்ப்பார்களே, அப்படி. பூங்கோதை தலையசைத்தாள். மிக லேசாக. அப்பளம் எடுக்கக் குனிந்ததாகக்கூட வைத்துக்கொள்ளலாம்.

"நித்தின் என்கூடப் படுப்பானா?"

"உன்கூடத்தான்."

"சரி" என்றாள் தாரணி.

ரசம் நன்றாக இருந்ததாகக் கனகராஜ் சொன்னார்.

மே 22, ஏற்காடு

திட்டமிட்டபடி வந்து சேர்ந்தோம். புளிசாதம் இரண்டு மடங்கு கட்டப்பட்டது. கனகராஜ் தெரியாமல் ஸ்டீபனின் மைத்துனரிடம் ஒரு செடியைக் காட்டி "இதுதான் காப்பியா?" என்று கேட்டுவிட்டார். மாலை வரை அவரைக் காணவில்லை.

கூடாரத்தை நானும் தாரணியும் கட்டினோம். மாடி அனுபவம் கைகொடுத்தது. இங்கே மண், முளை இறங்கியது. நித்தின் ஒவ்வொரு முளைக்கும் கைதட்டினான்.

தேன்மொழி சீப்பை எடுத்துக்கொண்டு வந்தாள். "வா கண்ணு, ஜட போட்டு விடறேன்."

"நானே போட்டுக்குவேன்" என்று சொல்லி, கையைப் பின்னால் வளைத்து, கண்ணாடி இல்லாமல் பின்னிக்கொண்டாள். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வந்தது. தேன்மொழி சீப்பை வைத்துக்கொண்டு நின்றாள். பூங்கோதை ஏற்கெனவே கழுவிய பாத்திரத்தை எடுத்துக்கொண்டு குழாய்ப் பக்கம் போனாள்.

இருட்டுவதற்குள் படுக்கைப் பிரச்சினை எழுந்தது. கூடாரம் ஒன்று. ஆட்கள் ஆறு.

"அண்ணா, நீங்களும் அண்ணியும் உள்ள படுங்க. நாங்க ஸ்டோர் ரூம்ல படுத்துக்கறோம்" என்றார் கனகராஜ். முறையாகத்தான் சொன்னார்.

"நித்தின் கூடாரத்துலதான் படுப்பானாம்" என்றாள் தாரணி. "அவன் படுத்தா நான் படுக்கணும்."

"பிள்ளைங்க தனியா எப்படி?" என்றாள் தேன்மொழி.

அவ்வளவுதான். யாரும் யாரையும் விரட்டவில்லை. கணக்கு அப்படி வந்தது. நாங்கள் காப்பி மூட்டை அடுக்குகிற கொட்டகையில் படுத்தோம். பூங்கோதை தன் தலையணை இரண்டையும் கூடாரத்துக்குக் கொடுத்துவிட்டாள். மூட்டைமேல் தலை வைத்துக்கொண்டாள்.

"எதுக்குத் தலையாட்டுன?" என்று கேட்டேன். நாலு நாளாகக் கேட்க நினைத்தது.

அவள் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தம்பி வேணும் தம்பி வேணும்னு எத்தன தடவ என் முந்தானையப் புடிச்சுக்கிட்டுக் கேட்டிருக்கா. அது ஒண்ணுதாங்க நம்மால குடுக்க முடியல."

"என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்."

"கேட்டா நீங்க நல்லாப் பேசுவீங்க" என்றாள்.

மே 23

காலையில் போய்ப் பார்த்தேன். வாசல் துணி திறந்திருந்தது. நால்வரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். இடம் சரியாக இருந்தது, மிச்சமில்லை. நித்தினின் கால் தாரணி வயிற்றின் மேல் கிடந்தது. உறையின் மேல் நாலு பேருக்கு என்று அச்சடித்திருந்தது பொய்யில்லை.

பிளாஸ்கில் காபி ஆறியிருந்தது.

மே 30

போனார்கள். வண்டி ஏறுமுன் தாரணி சின்ன அறைச் சுவரைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தாள்.

"ஓசூர்லயும் இதே கலரு அடிக்கணும்."

"அடிச்சிடலாம். நம்பர் குடுங்கண்ணா" என்றார் கனகராஜ்.

நம்பர் இல்லை. எவ்வளவு நீலம், எவ்வளவு மஞ்சள் என்று எங்கள் இருவருக்கும் தெரியாது. மூடி வைத்திருந்த வாளியின் அடியில் மிச்சமிருந்ததை வழித்து ஊறுகாய் ஜாடியில் ஊற்றிக் கொடுத்தேன். ஒரு சுவருக்குக்கூடக் காணாது. ஜன்னல் ஓரத்துக்கு வரும். அவள் அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். கூடாரத்தையும் நித்தின் கேட்டான். அதுவும் போயிற்று.

"அப்பா, போயிட்டு வ..." என்று ஆரம்பித்து, முன் சீட்டில் இருந்த கனகராஜைப் பார்த்தாள். பிறகு கையை மட்டும் ஆட்டினாள்.

அதில் எந்தத் தவறும் இல்லை. எங்கள் காலத்தில் குழந்தைகளுக்கு இவ்வளவு நாகரிகம் கிடையாது.

ஜூன் 2

பூங்கோதை சீப்பிலிருந்த முடியை எடுக்கவில்லை. கழுவி வை என்று நானும் சொல்லவில்லை.

ஜூன் 10

பள்ளி திறந்தது. எட்டாம் வகுப்புக்கு முதல் பாடம் நடத்தினேன். வேலாயுதம் மாடியிலிருந்து, "கூடாரம் எங்க சார்?" என்றார். ஓசூருக்குக் கொடுத்துவிட்டேன் என்றேன். "நல்ல விலையா?" என்றார்.

ஜூன் 17

கனகராஜ் பேசினார். ஓசூரில் ரேஷன் அட்டைக்கு எழுதிப் போட்டிருக்கிறார்கள். தாரணி பெயர் எங்கள் அட்டையில் இருக்கும்வரை அங்கே சேர்க்க முடியாதாம். செய்து தருகிறேன் என்றேன். பின்னால் தாரணியின் குரல் கேட்டது. நித்தினோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். வெற்றி அவள் பக்கம்தான் என்று பட்டது.

பூங்கோதையிடம் போனைக் கொடுப்பதற்குள் சிக்னல் போய்விட்டது. இந்த முறை உண்மையாகவே.

ஜூலை 6

ரேஷன் கடைக்குப் போனேன். கூட்டமில்லை. சர்க்கரை ஒரு கிலோ கொடுத்தார்கள்.